ஒன்பதாவது பேட்ச்

காக்களூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு இரண்டு ஷெட்டுகள். ஒன்றில் பதினான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலை செய்வார்கள். இன்னொன்றில் முதலாளியின் அறை, டெஸ்டிங் மேசை, என் கம்ப்யூட்டர். நாங்கள் செய்த பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஆலைகளில் ஃபர்னஸின் சூட்டை அளந்து, கம்ப்யூட்டர் திரையில் எண்ணாகக் காட்டும் ஒரு கார்டு. ஃபர்னஸுக்குள் சொருகிய சென்சாரின் வயர் அதன் ஒரு முனையில் வந்து சேரும். மறுமுனை கம்ப்யூட்டருக்குள் போகும். கார்டு பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க ஒரு புரோகிராம் வேண்டும். அதை டிரைவர் என்போம். அந்த டிரைவரை எழுதுவது என் வேலை. கம்பெனியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் எழுதியதைப் படித்துப் பார்க்கக்கூடிய இன்னொரு ஆள் அங்கே கிடையாது. அதை ஒரு குறையாக அப்போது நான் நினைக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்திருந்தேன்.

அந்த வருடம் எல்லாமே இறங்குமுகம். அதே தொழிற்பேட்டையில் நான்கு தெரு தள்ளி என் கணவர் லேத் ஓட்டிக்கொண்டிருந்த பட்டறையை மூடிவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. எங்கள் கம்பெனிக்கும் ஆர்டர் வற்றிக்கொண்டே வந்தது. வடக்கே ஒரு பெரிய மெஷின் கம்பெனி மட்டும் எங்கள் கார்டைத் தங்கள் மெஷின்களில் பொருத்திக்கொள்ள முன்வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்.

எங்கள் கார்டு ஓடிய கம்ப்யூட்டர்களில் இருந்தது இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பது. அதில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் என் டிரைவர் படுத்துவிடும். நான் பஸ் ஏறி ஒவ்வொரு ஆலையாகப் போய்ச் சரி செய்வேன். 'உங்கள் டிரைவர் அந்த சிஸ்டத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. சேர்த்துவிட்டு வாருங்கள், ஆர்டர் தருகிறோம்' என்றார்கள் வடக்கத்தியவர்கள். சேர்ப்பதற்கு யாரிடமும் சிபாரிசுக்குப் போக முடியாது. செய்த மாற்றத்தை மட்டும் எடுத்துக் காட்டும் ஒரு கோப்பை, பேட்ச் என்பார்கள் அதை, பொதுவான ஒரு மெயில் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர்கள் படிப்பார்கள். சரியென்றால் சேர்ப்பார்கள்.

"மூணு மாசம் டைம் குட்துக்கிறாங்கமா" என்றார் முதலாளி. "அதுக்குள்ள நம்ம டிரைவர் உள்ள போவணும். போவலன்னா ஷெட்டைப் பூட்டி சாவியைக் குட்துட்டுப் போவ வேண்டியதுதான்."

நான் பயந்துபோனேன். பயத்தில் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தேன். மூன்று வருடமாக அவசரத்துக்கு அவசரம் ஒட்டுப்போட்ட டிரைவர் அது. பெயர்களை மாற்றினேன். வரிகளை ஒழுங்குபடுத்தினேன். ஒன்றுபோல் தெரிந்தவற்றை ஒன்றாக்கினேன். பழைய கோளாறுகள் இரண்டைச் சரிசெய்தேன். எங்கள் புதிய கார்டையும் அதிலேயே நுழைத்தேன். ஐந்து வாரத்தில் ஆறாயிரம் வரி மாறியிருந்தது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் பழைய வாடிக்கையாளரான ஒரு ரோலிங் மில்லில் அந்த டிரைவரை முதலில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். நன்றாக ஓடியது. திரும்பி வந்து ஆறாயிரம் வரியையும் ஒரே பேட்சாகப் பட்டியலுக்கு அனுப்பினேன்.

பதில் வரவில்லை.

ஒரு வாரம். பிறகு இன்னொரு வாரம். டயல்-அப் இணைப்பின் கீச்சல் முடிந்து மெயில் பெட்டி திறக்கும்போதெல்லாம் என் பேட்சின் பெயரைத் தேடுவேன். பட்டியலில் மற்றவர்களுடைய மெயில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. யாரோ ஒருவருடைய நான்கு வரி மாற்றத்துக்கு ஆறு பேர் பதில் எழுதியிருந்தார்கள். என் ஆறாயிரம் வரியை ஒருவரும் தொடவில்லை. நம் ஊரிலிருந்து போனதால் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதலாளி என் மேசைக்கு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"கும்மிடிப்பூண்டி மில்லுல நேத்து மத்தியானம் ஆக்சிடென்ட். ஃபர்னஸ்காரர் கை ரெண்டும் வெந்துபோச்சாம்."

அவரை எனக்குத் தெரியும். நாற்பது வயதிருக்கும். கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் நெல் நிலம் உண்டு. ஷிஃப்ட் முடிந்தால் வயலுக்குப் போகிறவர். நான் டிரைவர் போடப் போயிருந்த இரண்டு நாளும் எனக்கு நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்டவர் அவர்தான்.

நடந்தது இது. இரும்புக் கட்டைகளை ஃபர்னஸில் சுடவைத்துப் பிறகு உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுப்பார்கள். சூடு ஆயிரத்து நூற்றெண்பது டிகிரியைத் தொட வேண்டும். அன்று ஃபர்னஸ் அளவுக்குமேல் காய்ந்து, கட்டைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் கதவைத் திறந்து கடப்பாரையால் நெம்பியபோது தீ வெளியே பாய்ந்தது. இரண்டு முன்னங்கைகளும் ஒரு கன்னமும் வெந்தன. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது ஒன்றுதான்: 'திரையில் எண் ஆயிரத்து நூற்று நாற்பதிலேயே நின்றது, ஏறவில்லையே என்று பர்னரைக் கூட்டினேன்.' மில்காரர்கள் நம்பவில்லை. விபத்துக்குப் பிறகு ஃபர்னஸைச் சுத்தம் செய்தபோது சென்சாரையும் வயரையும் வழக்கம்போலப் புதிதாக மாற்றியிருந்தார்கள். மறுநாள் திரை ஒழுங்காகக் காட்டியது. சென்சார் பழுதானால் திரையில் எண் மறைந்து கோடுகள் வரும், மணி அடிக்கும். மணி அடிக்கவில்லை. ஆகவே திரை சரியாகத்தான் இருந்திருக்கும், ஆள் தூங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள்.

"நம்ம கார்டு மேல எதனா தப்பு கீதா பாரு" என்றார் முதலாளி வியாழக்கிழமை. "மில்லுல ஒரு லெட்டர் கேக்கறாங்க."

பார்த்தேன். டெஸ்டிங் மேசையில் அதே டிரைவரைப் போட்டு, சென்சாரைச் சின்ன மின்னடுப்பில் வைத்து, ஒரு மணி நேரம் எண் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தேன். எல்லாம் சரி. வயரைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. பழைய டிரைவரில் எத்தனையோ தடவை பிடுங்கிப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் கோடு வந்தது, மணி அடித்தது. அந்தப் பகுதியை நான் மாற்றவே இல்லை என்று நம்பியிருந்தேன். ஆறாயிரம் வரியில் எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்பது என் நினைவில் மட்டும்தான் இருந்தது. நினைவு எனக்குச் சாதகமாகச் சொன்னது.

'கார்டிலோ டிரைவரிலோ எந்தக் குறையும் இல்லை' என்று டைப் செய்து கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பட்டியலிலிருந்து பதில் வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் இருப்பவர். எங்கள் டிரைவர் சேரவேண்டிய பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியம். 'இதை யாராலும் படிக்க முடியாது. ஒரு பேட்சில் ஒரே ஒரு மாற்றம் இருக்கும்படி பிரித்து அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.'

பிரிப்பதுதானே என்று நினைத்தேன். கோப்புக்கு ஒன்றாக ஏழு துண்டுகளாக வெட்டி அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. மூன்றாவது துண்டுவரை போட்டால் புரோகிராம் எழும்பவே இல்லை, பாதியில் நிற்கிறது. ஒவ்வொரு படியிலும் அது முழுசாக ஓட வேண்டும் என்றார். அதன்பிறகு அனுப்பியது என் மெயில் புரோகிராம் நீள வரிகளை மடித்துவிட்டதால் கெட்டுப்போய்ச் சேர்ந்தது. அதையும் திருப்பினார். கோபமில்லாமல், தயவுமில்லாமல்.

கெடுவுக்கு ஐந்து வாரம் இருந்தது. அப்போதுதான் புரிந்தது, சேர்த்து எழுதியதை வெட்ட முடியாது; பழைய டிரைவரிலிருந்து மறுபடி தொடங்கி, ஒவ்வொரு அடியாக நடந்துதான் வர வேண்டும் என்பது. பெயர் மாற்றம் தனி. வரி ஒழுங்கு தனி. ஒவ்வொரு கோளாறும் தனி. ஒவ்வொரு அடிக்கும் புரோகிராமைக் கட்டி, கார்டில் ஓட்டி, ஏன் என்று எழுத வேண்டும். அந்த 'ஏன்' என்னைக் கொன்றது. பல இடங்களில் ஏன் மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. கை போன போக்கில் மாற்றியிருந்தேன். நடுவில் மின்வெட்டு வரும். ஜெனரேட்டரை சால்டரிங் ஷெட்டுக்கு மட்டும்தான் போடுவார்கள். இருட்டில் உட்கார்ந்து, காகிதத்தில் படிகளை எழுதி, அடித்து, மறுபடி எழுதுவேன். ஒருநாள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எத்தினி துண்டு ஆச்சு?"

"பதினேழு வரும் சார்."

"ஒண்ணா இருந்ததைப் பதினேழு ஆக்கிக்கினு உக்காந்துக்கிறியேமா. இதை எப்ப அவன் படிச்சு, எப்ப நமக்கு ஆர்டர் வர்றது?"

அவர் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

ஒன்பதாவது துண்டு சின்னது. கார்டிலிருந்து எண்ணை எடுத்துக் கொடுக்கும் வேலை பழைய டிரைவரில் இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை ஒன்றாக்கியிருந்தேன். மொத்தம் பன்னிரண்டு வரி. அந்த இடத்தில் எனக்கு யோசிக்கக்கூடத் தெம்பில்லை. பெரிய பேட்சில் இருந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு, 'இரண்டு பகுதிகளை ஒன்றாக்கியது. செயலில் மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதினேன். பதினேழையும் வரிசையாக அனுப்பினேன்.

இந்தத் தடவை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பதில்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்றில் ஒரு பெயரை மாற்றச் சொன்னார். எட்டுவரை வந்தது. பிறகு ஒன்பது.

'இங்கே செயலில் மாற்றம் இருக்கிறது' என்று எழுதியிருந்தார். 'பழைய இரண்டு பகுதிகளும் ஒன்றல்ல. ஒன்றில், எண்ணைக் கொடுத்தபிறகு "புதிது" என்ற குறியை அழிக்கும் வரி இருந்தது. நீங்கள் ஒன்றாக்கியதில் அது இல்லை. சென்சார் பேச்சை நிறுத்திவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே புதிது புதிது என்று காட்டிக்கொண்டிருக்காதா? நான் தவறாகப் படித்திருந்தால் சொல்லுங்கள்.'

அவர் தவறாகப் படிக்கவில்லை. நான் இரண்டாவது தடவை படிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து டெஸ்டிங் மேசைக்குப் போனேன். மில்லில் போட்ட அதே டிரைவர். சென்சார் சூடேறி, திரையில் எண் இருநூற்றுப் பத்து என்று வந்தது. வயரைப் பிடுங்கினேன். இருநூற்றுப் பத்து. கோடு வரவில்லை. மணி அடிக்கவில்லை. அடுப்பை அணைத்தேன். சென்சாரைத் தண்ணீரில் போட்டேன். இருநூற்றுப் பத்து. பக்கத்து ஷெட்டில் பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. வேலைக்கு மணி அடித்து அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அது அசையவே இல்லை.

ஆறாயிரம் வரிக்குள் அது யார் கண்ணிலும் படவில்லை, எழுதிய என் கண்ணிலும். பன்னிரண்டு வரியாகப் போனபோது, கார்டையே பார்த்திராத ஒருவர் ஒரு பகலுக்குள் பிடித்துவிட்டார்.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயரைப் பிடுங்கிப் போட்டேன், சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அந்த மெயில் பொதுவானது சார். யார் வேணா படிக்கலாம். ஆனா மில்லைப் பத்தி அதுல எதுவும் இல்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. பட்டறைத் தெருவில் தள்ளுவண்டியில் ரேடியோ ரிப்பேர் செய்து மேலே வந்தவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மில்லுல நிறுத்திட்ட அந்தாளுக்கு நான் எதனா பண்றேன்மா. வேற எடத்துல வேலை வாங்கித் தரேன். நீ மில்லுக்குப் போயி சத்தமில்லாம இதைச் சரி பண்ணிட்டு வந்துடு. பேப்பர்ல மட்டும் எதுவும் எழுதாத. பதினாலு பொம்பளைங்க அந்த ஷெட்டுல கீறாங்க. உன் ஊட்டுக்காரரும் சும்மாதான கீறாரு."

நான் தலையை ஆட்டினேன். இதை இன்று எழுதும்போதும் கூசுகிறது. ஆனால் ஆட்டினேன்.

மறுநாள் பெரியபாளையம் வழியாக பஸ் மாறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். மில் கேட்டுக்கு எதிரே, புளியமர நிழலில், அந்த ஃபர்னஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் முழங்கைவரை கட்டு. கன்னத்தில் மருந்து பூசியிருந்தது. தினமும் வந்து நிற்கிறாராம். மேனேஜரைப் பார்க்க வேண்டுமாம். உள்ளே விடவில்லை என்று செக்யூரிட்டி சொன்னார். ஃபர்னஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"மேடம், இன்னா ரிப்பேரா? கார்டு எதனா கோளாறுன்னு சொன்னாங்களா?"

"இல்லண்ணா" என்றேன். "சும்மா சர்வீஸ்."

அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன். உள்ளே போய், சரிசெய்த டிரைவரைப் போட்டேன். பத்து நிமிட வேலை. ஃபர்னஸ் முன்னால் வேறொருவர் நின்றிருந்தார். வெளியே வரும்போது கேட்டு வழியாக வராமல், லாரிகள் போகும் பின்பக்கத்து வழியாக வந்தேன்.

அதற்கப்புறம் ஆறு நாள். பட்டியலுக்குப் பதில் எழுதவில்லை. எழுதினால் 'ஆமாம், நீங்கள் சொன்னது சரி' என்று எழுத வேண்டும். அதை அந்த மனிதரிடம் சொல்லாமல் எங்கோ இருக்கும் ஒருவரிடம் சொல்லக் கை வரவில்லை. என் மகள் ஏதாவது கேட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் கேட்டார்.

"ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி கீற. இன்னா ஆச்சு?"

சொன்னேன். முழுதும் சொன்னேன். அவர் லேத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அப்போதும் ஆபரேட்டர் கவனக்குறைவு என்றுதான் எழுதியிருந்தார்கள்.

"வேலை பூடும்" என்றார்.

"தெரியும்."

"பூட்டா பேஜாருதான். ஸ்கூலு பீஸு, வாடகை, எல்லாம் இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல." சட்டையை மாட்டிக்கொண்டார். "எந்தூருன்னு சொன்ன? கெளம்பு. நானும் வரேன்."

கவரைப்பேட்டையில் இறங்கி நாற்பது நிமிடம் நடந்தோம். நாற்று விட்டிருந்த சமயம். வீட்டு வாசலில் ஸ்டூலில் ஃபர்னஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கிண்ணத்திலிருந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணா" என்றேன். அதற்குமேல் முகவுரை சொல்லத் தெரியவில்லை. "நீங்க தூங்கல. திரையில எண்ணு நின்னுதான் போச்சு. என் தப்பு அது. நான் எழுதினதுல ஒரு வரி விட்டுப்போச்சு. வயரு அறுந்தாலும் பழைய எண்ணையே காட்டும். மணி அடிக்காது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டியா?" என்றார். "கேட்டியா நீ?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "இவளே கேட்டா மேடம். நெசமா சொல்லு, அசந்துட்டியானு இவளே கேட்டா. எங்க நைனா, சாவப் போற மனுசன், அவரும் கேட்டாரு. எனக்கே டவுட்டு வந்துபோச்சு. ஒரு நிமிசம் கண்ணை மூடிட்டனோன்னு நானே நெனைக்க ஆரம்பிச்சிட்டேன்."

அவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. மனைவி முந்தானையால் துடைத்தாள். துடைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கார்டுல கொறை இல்லனு நீ கையெழுத்துப் போட்ட பேப்பரைத்தான் மில்லுல படிச்சுக் காட்னாங்க. நானும் கூடப் போயிருந்தேன். அதைக் கேட்டுட்டுதாம்மா நானே இவரைச் சந்தேகப்பட்டேன்."

"போடும்போது தெரியாது."

"தெரியாம இன்னாத்துக்குப் போட்ட?"

என் கணவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபர்னஸ்காரர் மெதுவாகச் சொன்னார், ஞாபகப்படுத்துகிற மாதிரி: "அன்னிக்கு நீங்க அதைப் போடும்போது நான் ஒண்ணு கேட்டேன் மேடம். வயரு கட் ஆனா மணி அடிக்குமில்லன்னு. அடிக்கும்ணா, கவலப்படாதீங்கனு சொன்னீங்க."

எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன்.

அவர் மன்னிப்பதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "எழுதிக் குடுங்க" என்றார். "இன்னா நடந்ததோ அதை எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல வேணாம். எனக்குப் புரியணும்."

அவர்கள் பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தந்தார்கள். தரையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் தடவை எழுதியதை அவர் மனைவி சத்தமாகப் படித்துவிட்டு, "ஒண்ணும் புரியல. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கிற" என்றாள். மறுபடி எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு விஷயம். அவள் ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். அவர் கேட்பார். 'பழைய டிரைவரில் வயர் அறுந்தால் மணி அடிக்கும்.' சரி. 'புதிய டிரைவரில் அடிக்காது.' சரி. 'இது மில்லில் யாருக்கும் தெரியாது.' அங்கே நிறுத்தினார். "எனக்கும் தெரியாதுன்னு தனியா எழுதுங்க. இல்லன்னா, அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்னு சொல்லுவாங்க." எழுதினேன். 'நான் முன்பு கொடுத்த கடிதம் தவறு.' "ஏன் தவறுன்னு எழுதலியே?" என்றாள் அவள். 'வயரைப் பிடுங்கிப் பார்க்காமல் கொடுத்தேன்' என்று எழுதினேன். இத்தனைக்கும் ஒரு பக்கம்தான் வந்தது. வெயில் ஏறிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். என் கணவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அந்தத் தாளின் பிரதியை முதலாளி மேசையில் நானே வைத்தேன். அவர் படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ வூட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சால்டரிங் ஷெட்டைத் தாண்டி வந்தேன். யாரும் தலை நிமிரவில்லை. விஷயம் அதற்குள் போயிருந்தது.

ஃபர்னஸ்காரர் அந்தத் தாளைக் கொடுத்ததும் மில்லில் எங்கள் கார்டுகள் எல்லாவற்றையும் பிடுங்கிப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு மில்லில் நடப்பது மற்ற மில்லுக்குத் தெரிய ஒரு ஷிஃப்ட் போதும். அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 'தூங்கினார்' என்று எழுதியதை அடித்துவிட்டார்கள். ஆனால் வெந்த தோல் மறுபடி சூட்டைத் தாங்காது. ஃபர்னஸ் பக்கம் போக முடியாமல், கேட்டில் லாரி எடை பார்க்கும் வேலையில் போட்டார்கள். அதில் ஓவர்டைம் கிடையாது. நாற்று நட ஆள் வைக்க வேண்டியிருந்தது. அவருடைய விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இதையெல்லாம் அவர் மனைவி ஒருமுறை போனில் சொன்னாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

நான் திருவள்ளூரில், பழவேற்காட்டுப் பாய் ஒருவர் நடத்திய பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து பட்டியலுக்குப் பதில் எழுதினேன். ஒன்பதாவது பேட்ச் தவறு, அந்தத் தவறு ஓர் ஆலையில் ஓடியது, ஒருவர் காயப்பட்டார் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அந்த ஐரோப்பியர், 'வருந்துகிறேன். இந்த விவரத்தையும் பேட்சின் விளக்கத்தில் சேருங்கள். பின்னால் இந்த வரியைத் தொடுகிறவருக்குத் தெரிய வேண்டும்' என்று மட்டும் எழுதினார். சேர்த்து, விட்டுப்போன வரியையும் போட்டு மறுபடி அனுப்பினேன். கார்டு என் கையில் இல்லை. ஓட்டிப் பார்க்க வழியில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னேன். தன்னிடம் அதேபோல ஒரு கார்டு இருந்த பட்டியல்காரர் ஒருவர் தானே வயரைப் பிடுங்கிப் பார்த்து, மணி அடிக்கிறது என்று எழுதினார். பதினேழும் சேர்ந்தன. அப்போது வடக்கத்தியவர்களின் கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவர்கள் வேறு கார்டுக்குப் போய்விட்டார்கள்.

ஐந்து மாதம் எனக்கு வேலை இல்லை. கணவருக்கு அம்பத்தூரில் தினக்கூலிக்கு லேத் வேலை கிடைத்தது. பிறகு சென்னையில் ஒரு கம்பெனியில் என்னை எடுத்தார்கள். அங்கே யார் எழுதினாலும் இன்னொருவர் படித்துவிட்டுத்தான் உள்ளே போகும். முதல் வாரம் என் முதல் மாற்றத்தைச் சக ஊழியர் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, என்னால் அறைக்குள் உட்கார முடியவில்லை. படிக்கட்டில் போய் நின்றுகொண்டேன்.

காக்களூர்க் கம்பெனி முழுதாக மூடவில்லை. ஒரு ஷெட்டை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். பதினான்கு பேரில் ஐந்து பேர் மிஞ்சினார்கள் என்று கேள்விப்பட்டேன். மறு வருடம் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் அங்கே சால்டரிங் செய்த ஓர் அக்காவைப் பார்த்தேன். பதினோரு வருடம் அங்கே இருந்தவர். இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாராம். காலெல்லாம் வீங்கிவிடுகிறது என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ சொன்னதைத் தப்புன்னு நான் சொல்லலம்மா" என்றார். "அந்தாளு பாவம். சொல்லித்தான் ஆவணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த லெட்டரைக் குட்க்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி அந்த வயரைப் பிடுங்கிப் பாத்திருக்கலாமில்ல?"

"பாத்திருக்கலாம் அக்கா" என்றேன்.

அவர் மேலும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். ஊத்துக்கோட்டை பஸ் வந்தது. கூட்டம் தள்ளியது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனார்.